எலி குடித்த கஷாயமும் உங்கள் டம்ளரும்

இந்த முறை வந்த கடிதங்கள் பதினேழு. அதில் பதினொன்று சர்க்கரைக்கு மூலிகை பற்றி. போன இதழில் ‘நாட்டு மருந்தையும் சோதித்துப் பார்த்துத்தான் நம்ப வேண்டும்’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன், அதன் பலன். புது வாசகர்களுக்காக ஒரு தகவல்: சென்னையில் ஒரு கல்லூரியின் மருந்தியல் துறையில் முப்பத்தோரு வருஷம் குப்பை கொட்டியவள் நான். அதில் பாதிக்கு மேல் எலிக்கூடத்தில். நான் டாக்டர் இல்லை, மருந்து எழுதித் தர மாட்டேன். ஒரு செடியை எப்படிச் சோதிக்கிறார்கள், அந்தச் சோதனை எங்கே நம்மை ஏமாற்றும் என்பது மட்டும் தெரியும்.

கேள்வி: ஐ.சி.எஃப்.பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வயது 64. எட்டு வருஷமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு இரண்டும் சாப்பிடுகிறேன். என் மாப்பிள்ளை செல்போனில் சிறுகுறிஞ்சான் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரைகளைக் காட்டுகிறார். எலிகளுக்குக் கிலோவுக்கு 200, 400 மில்லிகிராம் என்று கொடுத்துச் சர்க்கரை இறங்கியதாம். 2000 மில்லிகிராம் கொடுத்தும் ஒரு எலிகூடச் சாகவில்லையாம். அப்படியானால் பாதுகாப்பானதுதானே? தினம் ஒரு ஸ்பூன் பொடியை வெந்நீரில் குடித்துக்கொண்டு மாத்திரையை நிறுத்திவிடலாமா?
— வில்லிவாக்கம் வாசகர்

பதில்: மாத்திரையை நிறுத்தாதீர்கள். இதை முதலில் சொல்லிவிட்டேன். மீதியைக் காபி குடித்துக்கொண்டே படிக்கலாம்.

அந்த 2000 கணக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன். பெரும்பாலான கட்டுரைகள் பின்பற்றுவது ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டு அமைப்பு வகுத்த 423ஆம் எண் முறை. மூன்று எலிகளை எடுப்பார்கள், வழக்கமாகப் பெண் எலிகள். முதல் நாள் இரவு தீனியை எடுத்துவிட்டு, காலையில் வாய்வழியாகக் குழாய் விட்டு மருந்தை ஒரே வேளை கொடுப்பார்கள். பிறகு 14 நாள் பார்ப்பார்கள்: ரோமம் சிலிர்க்கிறதா, நடுங்குகிறதா, எச்சில் வடிகிறதா, வயிறு போகிறதா, எடை குறைகிறதா. மூன்றும் பிழைத்தால் இன்னொரு மூன்றுக்குக் கொடுத்து உறுதி செய்வார்கள். ஆக, ‘2000 கொடுத்தும் சாகவில்லை’ என்ற அந்தப் பெரிய வாக்கியத்துக்குப் பின்னால் இருப்பது ஆறு எலி, ஒரு வேளை மருந்து, 14 நாள். அந்தச் சோதனை கேட்கிற கேள்வியே ‘இது உடனே கொல்லுமா’ என்பதுதான். நீங்கள் கேட்பது, ‘தினமும் குடித்தால் பத்து வருஷத்தில் என் கல்லீரலும் கிட்னியும் என்ன ஆகும்’ என்று. அதற்குக் கிட்டத்திலாவது வர 28 நாள், 90 நாள் சோதனைகள் தனியே உண்டு. 90 நாள் சோதனையில் ஒவ்வொரு அளவுக்கும் பத்து ஆண், பத்து பெண் எலிகள். முடிவில் ரத்தம் எடுத்து, கல்லீரல், சிறுநீரகம், இதயம் எல்லாவற்றையும் எடை போட்டு, மெல்லிய சீவலாக்கிச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். காசும் பொறுமையும் தின்கிற வேலை. அதனாலேயே பலர் 423-ஐ முடித்துக்கொண்டு ‘பாதுகாப்பானது’ என்று எழுதிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

அடுத்தது அளவு. எலிக்குக் கிலோவுக்கு 400 மில்லிகிராம் என்றால் மனிதனுக்கும் அப்படியே கிலோவுக்கு 400 என்று கணக்குப் போடக்கூடாது. எலியின் உடம்பு மருந்தை வேகமாகச் செலவழிக்கும். உடம்பின் பரப்பளவை வைத்துப் போடும் கணக்கில் எலியின் அளவைச் சுமார் 6.2-ஆல் வகுக்கிறோம். கிலோவுக்கு ஏறத்தாழ 65 மில்லிகிராம் வரும். நீங்கள் 60 கிலோ என்றால் நாளைக்கு 3.9 கிராம். பரவாயில்லையே, ஒரு ஸ்பூன்தானே என்று தோன்றும். இது இலைப் பொடி கிடையாது, சாரம். இலையை எத்தனாலில் ஊறவைத்து, வடித்து, வற்றவைத்து எடுத்த பிசின் மாதிரியான கறுப்புப் பொருள். நூறு கிராம் காய்ந்த இலையில் பன்னிரண்டு கிராம் சாரம் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 3.9 கிராம் சாரத்துக்கு 32 கிராம் காய்ந்த இலை வேண்டும். உங்கள் ஒரு ஸ்பூன் மூன்று கிராம் தேறும். எலி குடித்ததில் பத்தில் ஒரு பங்கு. அதிலும் சாராயத்தில் இறங்கும் சத்துக்கள் எல்லாம் வெந்நீரில் இறங்கிவிடாது.

அப்படியானால் 32 கிராம் குடிக்கிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள், சாமி! நீங்கள் சாப்பிடும் கிளிமிபிரைடு கணையத்தை உசுப்பி இன்சுலினைச் சுரக்க வைப்பது. கூடவே வேறொன்றும் சர்க்கரையை இறக்கினால் இரண்டும் சேர்ந்து ராத்திரி இரண்டு மணிக்கு உங்களை வியர்க்க விறுவிறுக்க எழுப்பும். சிறுகுறிஞ்சான் எடுத்தவருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததாக மருத்துவ இதழில் பதிவும் உண்டு. அரிது, இல்லாததல்ல.

கடைசியாக, அந்தப் பொடி சிறுகுறிஞ்சான்தானா என்பது. எங்கள் துறையில் ஒரு முறை ராசப்ப செட்டி தெருவிலிருந்து இரண்டு கிலோ காய்ந்த இலை வாங்கி வந்தோம். ஆராய்ச்சி மாணவி எல்லாவற்றையும் அரைத்துச் சாரம் எடுத்து முடித்துவிட்டாள். நான் சாக்கின் மூலையில் மிச்சமிருந்த இலையில் நாலைந்தைப் பொறுக்கி மென்று, மேலே ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டேன். இனித்தது. சிறுகுறிஞ்சானை மென்ற நாக்கில் சர்க்கரை மணல் மாதிரி இருக்க வேண்டும். அதற்குத்தானே சர்க்கரைக்கொல்லி என்று பேர்! கடைக்காரரைக் குறை சொல்லவில்லை. பறித்துக் கொடுத்தவர் வேலியில் ஒன்றாகப் படர்ந்த இரண்டு கொடியையும் சேர்த்து அறுத்திருப்பார். தாவரவியல் துறையில் காட்டி, அடையாளம் உறுதி செய்து, அமுக்கிக் காயவைத்த மாதிரி ஒன்றை எண் போட்டு வைத்த பிறகுதான் சோதனையைத் தொடங்கியிருக்க வேண்டும். ஆறு வார வேலை குப்பைக்குப் போயிற்று. அந்தப் பெண் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

கேள்வி: ‘ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ’ என்று சொன்ன நம் முன்னோர் எலியை வைத்தா சோதித்தார்கள்? சித்த மருத்துவத்தை மட்டம் தட்டுவதே உங்களுக்கு வேலையா?
— மயிலாப்பூர் வாசகர் (கடிதத்தில் இதைவிடக் காரமாகவும் சில வரிகள் இருந்தன)

பதில்: காரம் எனக்குப் பிடிக்கும், ஐயா. மட்டம் தட்டவில்லை. ஆவாரைக் குடிநீரையே எடுத்துக்கொள்வோம். ஆவாரை, கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோஷ்டம், மருதம் என ஏழு சரக்கு. இதில் கடலழிஞ்சிலில் சலாசினால் என்று ஒரு பொருள் உண்டு. நாம் தின்ற மாவுச்சத்தைக் குடலில் சர்க்கரையாக உடைக்கிற நொதியை அது தடுக்கிறது. அகார்போஸ் என்று கடையில் விற்கும் மாத்திரை செய்வதும் இதே வேலைதான். இதைப் பாட்டாக எழுதிவைத்தவர் நொதியைப் பார்த்திருக்க முடியாது. மருந்தைக் கொடுத்து, ஆளைக் கவனித்து, சரக்கைத் தேர்ந்திருக்கிறார். அந்தக் கவனிப்புக்கு நான் தலை வணங்குகிறேன்.

சிறுகுறிஞ்சானுக்கும் நம் பக்கத்துச் சரித்திரம் இருக்கிறது. 1887-லேயே ஊட்டியில் சின்கோனாத் தோட்டங்களுக்கு அரசு ரசாயன நிபுணராக இருந்த டேவிட் ஹூப்பர் அந்த இலையை ஆராய்ந்து, இனிப்பை மறக்கடிக்கும் பொருளைப் பிரித்து ஜிம்னீமிக் அமிலம் என்று எழுதினார். நூறு வருஷம் கழித்துத் தரமணியில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் அடிப்படை மருத்துவ அறிவியல் வளாகத்தில், சண்முகசுந்தரம் குழுவினர் அதை மனிதர்களிடம் சோதித்தார்கள். 1990-ல் வெளியானது. ஜி.எஸ்.4 என்று பேர் வைத்த இலைச் சாரம், நாளைக்கு 400 மில்லிகிராம், டைப் 2 நோயாளிகள் 22 பேருக்கு, அவர்களது வழக்கமான மாத்திரையோடு சேர்த்து 18 முதல் 20 மாதம். சர்க்கரை இறங்கியது, மாத்திரை அளவைக் குறைக்க முடிந்தது, ஐந்து பேர் மாத்திரையையே விட முடிந்தது. இன்சுலின் போடும் 27 பேரிடம் இன்னொரு ஆய்வு. அவர்களுக்கு இன்சுலின் தேவை குறைந்தது.

தரமணி என்றதும் எனக்கும் கொஞ்சம் பெருமைதான். ஆனால் சோதனைக்காரியின் கண்ணால் பார்த்தால் ஓட்டை தெரிகிறது. யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் மாவு மாத்திரை என்று யாருக்கும் தெரியாமல் சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வு இல்லை அது. ஒன்றரை வருஷம் டாக்டர் அக்கறையாகக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ரத்தம் எடுத்தால், யாராக இருந்தாலும் இனிப்பைக் கொஞ்சம் குறைப்பார்கள், கொஞ்சம் நடப்பார்கள். 22 பேர் என்பதும் சின்ன எண்ணிக்கை. இத்தனை வருஷத்தில் நூற்றுக்கணக்கான எலிக் கட்டுரைகள் வந்துவிட்டன. அந்த 22-ஐ 2200 ஆக்கிப் பார்க்கத்தான் ஆளில்லை. என் ஆதங்கம் இதுதான். நீங்கள் திட்ட வேண்டியவர்கள் வேறு பக்கம் இருக்கிறார்கள்.

சித்த மருந்தே எடுக்க விரும்பினால் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. படித்த சித்த மருத்துவர் நாடி பார்த்து, லேப் ரிப்போர்ட்டும் பார்த்துக் கொடுப்பார். பூங்காவில் நடக்கும்போது பக்கத்து பெஞ்சுக்காரர் சொன்னதையும் சித்த மருத்துவத்தையும் ஒன்றாக்குவதுதான் முன்னோர்களுக்கு அவமரியாதை.

கேள்வி: எம்.ஃபார்ம். இரண்டாம் ஆண்டு. ப்ராஜெக்டில் சர்க்கரை வரவழைத்த எலிகளுக்கு நாவல் கொட்டைச் சாரம் கொடுக்கிறேன். மருந்து கொடுத்த எலிகளுக்குச் சர்க்கரை இறங்கியது, சந்தோஷப்பட்டேன். பார்த்தால் வெறும் தண்ணீர் கொடுத்த எலிகள் சிலவற்றுக்கும் இறங்கியிருக்கிறது. கைடு என் மேல் எரிந்து விழுகிறார். நான் என்ன தப்பு செய்தேன், மேடம்?
— தாம்பரம் பக்கத்திலிருந்து ஒரு மாணவி

பதில்: தண்ணீர் எலிகளைப் பற்றி மறைக்காமல் எழுதினாய் பார், அதற்கே உனக்குப் பாதி மார்க், கண்ணு. நீ ஸ்ட்ரெப்டோஸோடோசின்தான் போட்டிருப்பாய். அது கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களைக் கொல்கிற பொருள். சிட்ரேட் பஃபரில், பி.எச். (அமில-கார அளவு) 4.5-ல் கரைத்த உடனே போட வேண்டும். கரைத்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் அதற்குள் வீரியம் போய்விடும். கடைசியாக ஊசி வாங்கிய எலிகளுக்குப் பாதி மருந்துதான் போயிருக்கும். அந்த எலிகளில் மிஞ்சிய செல்கள் சில வாரத்தில் தேறிக்கொள்ளும், சர்க்கரை தானாக இறங்கும். எந்த எலிக்கு எத்தனை மணிக்கு ஊசி போட்டாய் என்று நோட்டில் இருக்கிறதா, பார். ஊசி போட்ட மூன்றாம் நாள் பட்டினிச் சர்க்கரை 250-ஐத் தாண்டிய எலிகளை மட்டும் சேர்த்துக்கொண்டாயா என்றும் பார்.

உன் கைடு கேட்காத இன்னொரு கேள்வியை நான் கேட்கிறேன். தீனியை எடை போட்டாயா? எங்கள் எலிக்கூடத்தில் ஒரு கசப்புக் கஷாயம் பிரமாதமாக வேலை செய்தது. நான்கு வாரத்தில் சர்க்கரை பாதி. பாராட்டுக் கூட்டம் வைக்காத குறை. கூடத்தைப் பார்த்துக்கொண்ட அட்டெண்டர் அண்ணன்தான் ஒரு நாள் மெதுவாகச் சொன்னார்: “அம்மா, இந்த வரிசைக் கூண்டுல தீனி அப்படியே கிடக்குதும்மா.” சர்க்கரை வந்த எலி அகோரமாகத் தின்னும்; கஷாய எலிகளோ வயிறு கெட்டுப்போய்ப் பாதித் தீனிகூடத் தொடவில்லை. பட்டினி கிடந்தால் யாருக்குத்தான் சர்க்கரை இறங்காது? அதன் பிறகு, கஷாய எலி எவ்வளவு தின்றதோ அதே அளவு தீனியை மட்டும் இன்னொரு குழுவுக்குப் போட்டு ஒப்பிட்டோம். வித்தியாசம் காணாமல் போயிற்று.

அதே அண்ணன் எலியைப் பிடித்தால் அது கையில் தூங்கும். புது மாணவர்கள் பிடித்தால் கீச்சென்று கத்தி, பயத்திலேயே அதற்குச் சர்க்கரை ஏறிவிடும். ரத்தம் எடுக்கும் முன் ஒரு வாரம் தினமும் எலிகளைத் தூக்கிப் பழக்கு. உன் எலிகள் நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்து வந்தவை. முடிவு சாதகமாக இல்லை என்று தூக்கிப் போட்டால் அவை செத்தது வீண். இறங்கவில்லை என்றால் இறங்கவில்லை என்று எழுது. நாவல் இலைத் தேநீரை பிரேசிலில் மனிதர்களிடம் முறையாகச் சோதித்து, பலன் இல்லை என்று 2004-ல் வெளியிட்டார்கள். நல்ல இதழில்தான் வந்தது.

கேள்வி: மெட்ஃபார்மினே ஒரு செடியிலிருந்துதானே வந்தது? பிறகு ஏன் செடி என்றாலே டாக்டர்கள் முகம் சுளிக்கிறார்கள்?
— கொளத்தூர் வாசகி

பதில்: வந்த வழியைக் கேட்டால் முகச்சுளிப்பு புரியும். கலீகா என்று ஐரோப்பாவில் ஒரு செடி, அவரை இனம். அதிகமாக மேய்ந்த ஆடுகள் செத்துப்போகும். அதிலிருக்கும் கலிஜின் என்ற பொருள் சர்க்கரையைக் குறைத்தது. அப்படியே மருந்தாகக் கொடுக்க முடியாத விஷமாகவும் இருந்தது. அதே குடும்பத்து ரசாயனமான சிந்தாலினை 1920-களில் விற்றார்கள். கல்லீரலைக் கெடுத்ததால் கைவிட்டார்கள். 1922-லேயே ஆய்வகத்தில் செய்யப்பட்ட மெட்ஃபார்மின் கவனிப்பாரின்றிக் கிடந்தது. 1957-ல் பாரிஸில் ழான் ஸ்டெர்ன் மனிதர்களுக்குக் கொடுத்து எழுதினார். அதன் அண்ணன் தம்பியான ஃபென்ஃபார்மின் ரத்தத்தில் லாக்டிக் அமிலத்தை ஏற்றி ஆட்களைக் கொன்றதால் 1970-களின் கடைசியில் அமெரிக்காவில் விலக்கப்பட்டது. அமெரிக்கா மெட்ஃபார்மினை உள்ளே விட்டது 1990-களின் நடுவில்தான். ஒரே வீட்டுப் பிள்ளைகளில் எது கொல்லும், எது காக்கும் என்று பிரித்தெடுக்க அத்தனை வருஷம்.

‘சர்க்கரையைக் குறைக்கிறது’ என்பதே எப்போதும் பாராட்டு ஆகிவிடாது. பீகாரில் முசாஃபர்பூர்க் குழந்தைகளை நினைத்துப் பாருங்கள். ராத்திரிச் சாப்பாடு இல்லாமல் தோப்பில் லிச்சிப் பழத்தைத் தின்றுவிட்டுப் படுத்த பிள்ளைகளுக்கு விடிகாலையில் வலிப்பு. 2014-ல் நடந்த விசாரணையில், லிச்சியில் இருக்கும் ஹைப்போகிளைசின் என்ற பொருளும் பட்டினியும் சேர்ந்து ரத்தச் சர்க்கரையை அடிமட்டத்துக்கு இறக்கியது என்று கண்டார்கள். எலியிடம் சோதித்திருந்தால் அதுவும் ‘சர்க்கரையைக் குறைக்கும் மூலிகை’ என்றுதான் கட்டுரையில் வந்திருக்கும்.

கேள்வி: பால்கனித் தொட்டியில் இன்சுலின் செடி வைத்திருக்கிறேன். தினம் ஓர் இலை. இன்சுலின் ஊசியைக் குறைக்கலாமா?
— நங்கநல்லூர் வாசகி

பதில்: அந்தச் செடியில் இன்சுலின் இல்லை, நர்சரிக்காரர் வைத்த பேர். இருந்திருந்தாலும் வாய்வழி போனால் வயிறு அதைச் செரித்துவிடும், அதனால்தானே ஊசி? செடி அழகாக இருக்கும், வளருங்கள். ஊசியைக் குறைக்காதீர்கள்.

கேள்வி: வேங்கை மர டம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிக்கிறேன். நீலமாக மின்னுகிறது. பலன் உண்டா?
— அம்பத்தூர் வாசகர்

பதில்: மின்னுவது உண்மை. வேங்கையை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே சோதித்து 1998-ல் வெளியிட்டது. 97 பேரில் 67 பேருக்குப் பன்னிரண்டு வாரத்தில் கட்டுப்பாடு வந்தது. ஒப்பிட வேறு குழு இல்லை என்பது ஒரு குறை. அவர்களுக்குக் கொடுத்ததும் கிராம் கணக்கில் அளந்த சாரம். உங்கள் டம்ளர் முதல் மாதம் இறக்கிய சாயத்தை ஆறாம் மாதமும் இறக்குமா?

கேள்வி: என் மைத்துனர் ஒரு சூரணம் வாங்கித் தந்தார். டப்பாவில் லேபிள்கூட இல்லை. மூன்றே நாளில் 280 இருந்த சர்க்கரை 110-க்கு வந்துவிட்டது! இதற்குமேல் என்ன சோதனை வேண்டும்?
— வியாசர்பாடி வாசகர்

பதில்: இந்த வாரக் கடிதங்களில் என்னைப் பயமுறுத்தியது உங்களுடையதுதான். இலை, வேர், பட்டை எதுவும் மூன்று நாளில் இந்த வேகத்தில் வேலை செய்து நான் பார்த்ததில்லை. கிளிபென்கிளமைடு என்ற ஆங்கில மாத்திரை செய்து பார்த்திருக்கிறேன். சூரணத்தில் ஆங்கில மாத்திரையை அரைத்துக் கலப்பது உலகம் பூராவும் நடக்கிற திருட்டு. 2008-ல் சிங்கப்பூரில் ஐந்தே மாதத்தில் 150 பேர், சர்க்கரை நோயே இல்லாதவர்கள், சர்க்கரை இறங்கி மயங்கி ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். நான்கு பேர் இறந்தார்கள். அவர்கள் சாப்பிட்டது ஆண்மைக்கு என்று விற்ற ‘மூலிகை’ மாத்திரை, உள்ளே கிளிபென்கிளமைடு. டப்பாவை அப்படியே எடுத்துக்கொண்டு உங்கள் டாக்டரிடம் போங்கள். நாளைக்கு இல்லை, இன்றைக்கே. இரவு தனியாகப் படுக்காதீர்கள். சர்க்கரை நோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதே 1954-ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம் என்று மைத்துனரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயது. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறார். என்ன சொன்னாலும் சிறுகுறிஞ்சான் பொடியை விட மாட்டேன் என்கிறார். சண்டை போட்டு அலுத்துவிட்டது. வீட்டிலேயே அது வேலை செய்கிறதா, கெடுதல் செய்கிறதா என்று பார்க்க வழி உண்டா?
— வேளச்சேரி வாசகி

பதில்: உண்டு. சண்டையைவிட இது மேல். அம்மாவிடம், “நீங்க குடிங்கம்மா, நான் கணக்கு வெச்சுக்கறேன்” என்று சொல்லிப் பாருங்கள். அவர் வயதுக்காரர்கள் கணக்கு என்றால் மதிப்பார்கள்.

முதலில் இரண்டு வாரம் பொடியை நிறுத்தச் சொல்லுங்கள். சம்மதிக்க வைப்பது இதுதான் கஷ்டம். அந்த இரண்டு வாரமும் ஒருநாள் விட்டு ஒருநாள், காலை அதே நேரத்தில், வெறும் வயிற்றில், அதே குளுக்கோமீட்டரில் பாருங்கள். ஒரே ஒரு ரீடிங்கை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ரத்தத்தில் உண்மையில் 150 இருந்தால் மீட்டர் 128 காட்டினாலும் 172 காட்டினாலும் அது தரக்கட்டுப்பாட்டுக்குள்தான். ‘நேற்று 158, கஷாயம் குடித்தேன், இன்று 141’ என்று யாராவது சொன்னால் அங்கே கஷாயம் பேசவில்லை, மீட்டர் பேசுகிறது. ஏழு ரீடிங்கின் சராசரியைக் குறித்துக்கொள்ளுங்கள். லேபில் ஏ1சி (இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி), எஸ்.ஜி.பி.டி. (கல்லீரலுக்கு), கிரியாட்டினின் (கிட்னிக்கு) மூன்றையும் ஒருமுறை எடுங்கள். கூடவே ஹீமோகுளோபினும். ரத்தசோகை இருந்தால் ஏ1சி தப்பாகக் காட்டும். நம் வீட்டு அம்மாக்களுக்கு அது சர்வ சாதாரணம்.

பிறகு பொடியை ஆரம்பிக்கட்டும். மூன்று மாதத்துக்கும் ஒரே கடையில், ஒரே தடவையாக வாங்கிய பொடி. முழு இலையாக வாங்கி, நாக்கில் சர்க்கரை வைத்துச் சோதித்து, வீட்டில் அரைப்பது இன்னும் நல்லது. ஸ்பூனால் அளக்காதீர்கள், ஆயிரத்துக்குள் சின்ன எலக்ட்ரானிக் தராசு கிடைக்கிறது, கிராமில் எடை போடுங்கள். மெட்ஃபார்மினைத் தொடாதீர்கள். அதே சமயத்தில் நடைப்பயிற்சி, சிறுதானியம் என்று புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். சேர்த்தால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஆறாவது வாரம் எஸ்.ஜி.பி.டி.யையும் கிரியாட்டினினையும் மறுபடி பாருங்கள். ஏறியிருந்தால் பொடியை அன்றே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். மும்பையில் கல்லீரல் கெட்டு வந்ததாக 2021-ல் மருத்துவ இதழில் பதிவான ஆறு பேர் சீந்தில் குடித்தவர்கள். சீந்திலில் ஒரு வகைக்குப் பதில் இன்னொன்றை மாற்றிக் குடித்திருப்பார்கள் என்று ஆயுஷ் அமைச்சகம் வாதாடியது. எந்தச் சீந்திலாக இருந்தால் என்ன, குடித்தவருக்குப் போனது கல்லீரல். கேரளத்தில் இரும்பன் புளிச் சாற்றைக் கொலஸ்ட்ராலுக்கு என்று குடித்த பத்துப் பேருக்குக் கிட்னி செயலிழந்து மருத்துவ இதழில் வந்ததும் இப்படித்தான். ஊறுகாயில் போட்டால் ஒன்றும் செய்யாத காய் அது. ஆகையால் இந்த ஆறாவது வார ரத்தப் பரிசோதனையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள்.

ஏ1சியை மூன்று மாதம் முடிந்துதான் பார்க்க வேண்டும்; சிவப்பணுக்களின் ஆயுள் சுமார் 120 நாள், அதற்கு முன்னால் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும். அரைப் புள்ளியாவது இறங்கியிருந்தால் டாக்டரிடம் காட்டிப் பேசலாம். 0.1, 0.2 என்றால் அம்மாவிடம் அந்தக் காகிதத்தைக் காட்டுங்கள். நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். இடையில் படபடப்பு, வியர்வை, கை நடுக்கம் வந்து மீட்டர் 70-க்குக் கீழே காட்டினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரத்தில் மறுபடி பாருங்கள். பொடியை வாயில் போட்ட கொஞ்ச நேரத்தில் என்றால் அம்மாவுக்கு அது இனிக்காது. “சக்கரையே போடலியேடி” என்பார். போட்டிருக்கிறோம், குடியுங்கள் என்று சொல்லுங்கள். நாக்குக்குத்தான் தெரியாது, ரத்தத்துக்குத் தெரியும்.

கேள்வி: இவ்வளவு பேசுகிறீர்களே, உங்களுக்குச் சர்க்கரை உண்டா? நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள்?
— பெயர் வேண்டாம், புரசைவாக்கம்

பதில்: 2009-லிருந்து உண்டு. மெட்ஃபார்மின் 500, காலையும் ராத்திரியும். பெரம்பூர் வீட்டு மதிலில் சிறுகுறிஞ்சான் கொடி ஒன்று படர்ந்திருக்கிறது. அந்த இரண்டு கிலோ விவகாரத்துக்குப் பிறகு நானே கொண்டுவந்து நட்டது. தீபாவளிக்கு எதிர்வீட்டிலிருந்து மைசூர்பாகுத் தட்டு வரும்போது இரண்டு இலை பறித்து மென்றுவிடுவேன். அப்புறம் மைசூர்பாகு நெய்யில் ஊறிய செங்கல் பொடி மாதிரி இருக்கும், ஒரு துண்டோடு நின்றுவிடும். போன வருஷம் மழையில் இலை எல்லாம் உதிர்ந்து கொடி மொட்டையாக நின்றது. நாலு துண்டு சாப்பிட்டேன். ஜனவரியில் ஏ1சி 7.4.